அணையும் விளக்கும் ஏற்றும் விளக்கும் – சார்லி சாப்ளின் வாழ்வும் ‘லைம்லைட்’ திரைப்படமும்

கலைஞனுக்குப் புகழைத் தருவது அவை. தந்ததைத் திரும்பப் பெற்றுக்கொள்வதும் அவையே. கடன் கொடுத்தவனாவது தவணை குறிப்பான். அவை தவணை குறிப்பதில்லை. நேற்றுவரை கைதட்டிய கூட்டம் இன்று ஒரு நொடியில் எழுந்து போய்விடும். இவ்வுண்மையைத் தம் ஐந்தாம் வயதில் நேரிற்கண்டு, அறுபதைக் கடந்தபின் அதனையே திரைப்படமாக்கி, அப்படம் வெளிவந்த வேளையில் அதே உண்மைக்குத் தாமும் இலக்கான கலைஞர் ஒருவர் உண்டு. அவர்தாம் சார்லி சாப்ளின். அப்படம் 1952ஆம் ஆண்டில் வெளிவந்த ‘லைம்லைட்’.

பெயரின் பொருளை முதலில் அறிந்துகொள்வது நலம். மின்விளக்கு பரவாத பத்தொன்பதாம் நூற்றாண்டில், நாடக அரங்குகளில் சுண்ணாம்புக் கட்டி ஒன்றைக் கடுஞ்சுடரால் சூடேற்றுவர். அது கண்கூசும் வெண்ணொளியை வீசும். அவ்வொளி மேடையில் யார்மேல் பாய்ச்சப்படுகிறதோ அவர்மேலேயே அவையோர் கண்ணெல்லாம் பதியும். மின்விளக்கு வந்ததும் அந்தச் சுண்ணாம்பு விளக்கு மறைந்தது. சொல் மட்டும் நிலைத்து, பலர் பார்வையிலும் படும் புகழ்நிலையைக் குறிக்கலாயிற்று. அவ்வொளியின் உள்ளே நிற்பவனையும், அதனைவிட்டு வெளியே தள்ளப்பட்டவனையும் சாப்ளினைப்போல் அறிந்தவர் அரியர். அவர்தம் வரலாற்றை இந்நோக்கில் காண்பதே இக்கட்டுரையின் எல்லையாகும்.

தாயின் குரலும் மகனின் முதல் மேடையும்

சார்லஸ் ஸ்பென்சர் சாப்ளின் 1889 ஏப்ரல் 16ஆம் நாள் பிறந்தார். இலண்டன் மாநகரின் தென்பகுதியில் வளர்ந்தார். தாய் ஹன்னா, தந்தை சார்லஸ் சாப்ளின் இருவரும் ‘மியூசிக் ஹால்’ எனப்பட்ட கேளிக்கை அரங்குகளில் பாடிப் பிழைத்தவர்கள். பாட்டும் ஆட்டமும் நகைச்சுவையும் மாறிமாறி நிகழும் அவ்வரங்குகளில் பார்ப்போர் குடித்துக்கொண்டும் புகைத்துக்கொண்டும் இருப்பர். பிடித்தால் காசு எறிவர். பிடிக்காவிட்டால் கூச்சலிட்டு விரட்டுவர். லில்லி ஹார்லி என்னும் மேடைப்பெயர் பூண்ட ஹன்னா, கணவரைப் பிரிந்தபின், சிட்னி, சார்லி என்னும் பிள்ளைகள் இருவரையும் தம் குரலை நம்பியே காத்துவந்தார்.

1894ஆம் ஆண்டு. ஆல்டர்ஷாட் என்னும் படைவீரர் குடியிருப்பு நகரத்தில் ஓர் அரங்கு. பாடிக்கொண்டிருந்த தாயின் குரல் திடீரெனக் கம்மிற்று. அவையிலிருந்த படைவீரர்கள் பூனைபோல் கத்தியும் எள்ளியும் ஆரவாரம் செய்தனர். அவர் மேடையை விட்டு இறங்கினார். நிலைமையைச் சமாளிக்க, மேடையின் பக்கத்தில் நின்ற ஐந்து வயதுச் சிறுவனை மேலாளர் கைப்பிடித்து ஒளியின் நடுவே நிறுத்தினார். சிறுவன் பாடினான். காசுகள் வந்து விழுந்தன. பாட்டை நிறுத்திவிட்டு, காசைப் பொறுக்கிக்கொண்டு மீண்டும் பாடுவதாகச் சொன்னான், அவை சிரித்தது. பின்னர் ஒன்றும் அறியாத பிள்ளையாய், தாய் பாடும் பாட்டையும் பாடி, அவர் குரல் உடைந்த விதத்தையும் அப்படியே செய்து காட்டினான். அவை இன்னும் பெரிதாகச் சிரித்துப் பாராட்டியது. 1964இல் வெளியான தன்வரலாற்று நூலில் சாப்ளினே இந்நிகழ்ச்சியைப் பதிவு செய்துள்ளார். தாயின் கடைசி மேடையே தம் முதல் மேடையாயிற்று என்பது அவர் நினைவு.

ஈண்டு நாம் ஊன்றி நோக்கவேண்டியது ஒன்றுண்டு. உடைந்த குரல் ஒன்றே. தாயிடம் அதனைக் கேட்டபோது அவை எள்ளியது. பிள்ளையிடம் கேட்டபோது மகிழ்ந்தது. நகை என்னும் மெய்ப்பாடு எள்ளல், இளமை, பேதைமை, மடன் என்னும் நான்கினின்றும் தோன்றும் எனத் தொல்காப்பியர் வகுத்தார். அந்த ஓர் இரவில் தாயின்பால் எழுந்தது எள்ளல் பற்றிய நகை. மகன்பால் எழுந்ததோ இளமையும் பேதைமையும் பற்றிய நகை. சிரிப்பு எவ்வளவு இனியது, எவ்வளவு கொடியது என்னும் இரண்டையும் சாப்ளின் ஒரே மேடையில் கற்றுக்கொண்டார்.

வறுமையும் பயிற்சியும்

அதன்பின் குடும்பம் சரிந்தது. 1896இல் தாயும் பிள்ளைகளும் இலாம்பெத் ஏழையர் விடுதியில் அடைக்கலம் புகுந்தனர். பிள்ளைகள் ஹான்வெல் என்னுமிடத்து ஆதரவற்றோர் பள்ளிக்கு அனுப்பப்பட்டனர். 1898இல் தாய் மனநோய் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார். பின்னரும் பலமுறை அவர் அங்குச் செல்ல நேர்ந்தது. தந்தை குடியினால் ஈரல் கெட்டு 1901இல் தம் 38ஆம் வயதில் மறைந்தார். அரங்கில் ஒருகாலத்தில் பெயர்பெற்ற பாடகர் அவர். பெற்றோர் இருவரும் புகழிலிருந்து வீழ்ந்ததை மகன் பத்து, பன்னிரண்டு வயதுக்குள் பார்த்து முடித்துவிட்டான்.

ஆயினும் மேடை அவனை விடவில்லை. ‘எட்டு லங்காஷயர் சிறுவர்’ என்னும் ஆட்டக்குழுவில் மரக்காலணி அணிந்து ஆடினான். 1900ஆம் ஆண்டின் இறுதியில் இலண்டன் ஹிப்போடிரோம் அரங்கில் நிகழ்ந்த ‘சின்ட்ரெல்லா’ ஆட்டத்தில் பூனையாக வேடமிட்டான். அதே ஆட்டத்தில் மார்செலின் என்னும் கோமாளி அவையைக் குலுங்கச் செய்தான். அவனைச் சிறுவன் வியந்து பார்த்தான். பின்னாளில் அமெரிக்காவில் ஒரு வட்டரங்கில், பல கோமாளிகளுள் ஒருவனாக ஒளி மங்கிக் கிடந்த அதே மார்செலினைச் சாப்ளின் கண்டார். 1927இல் அக்கலைஞன் தன் உயிரைத் தானே மாய்த்துக்கொண்டான். இது சாப்ளினின் நெஞ்சில் ஆழப் பதிந்தது.

பதினான்காம் வயதில் ஷெர்லாக் ஹோம்ஸ் நாடகத்தில் பில்லி என்னும் ஏவலாள் வேடம் ஏற்று ஊர்ஊராகச் சென்றார். வாலிபம் தொடங்கும் பருவத்தில், தனியாளாக நகைச்சுவை செய்து பெயர்பெற எண்ணி, கிழக்கு இலண்டனில் ஃபாரஸ்டர்ஸ் அரங்கில் ஏறினார். யூதர் போன்று வேடமிட்டுச் சொன்ன பழைய நகைத்துணுக்குகளை, யூதர் மிகுந்து வாழும் அப்பகுதி மக்கள் ஏற்கவில்லை. காசும் ஆரஞ்சுத் தோலும் மேடையில் விழுந்தன. முகப்பூச்சைக் கழுவிக்கொண்டு வெளியேறிய அவர் அவ்வரங்குக்குத் திரும்பவே இல்லை. தாய்க்கு நேர்ந்தது தமக்கும் நேர்ந்தது. பிறரை இழித்துப் பெறும் சிரிப்பு நிலைக்காது என்பதையும் அவ்விரவு உணர்த்தியிருக்க வேண்டும்.

1908இல் ஃபிரெட் கார்னோவின் நகைச்சுவைக் குழுவில் இடம் கிடைத்தது. உரையாடலினும் உடலசைவையே பெரிதும் நம்பிய குழு அது. நகைப்புக்கு இடையே ஒரு சிறு துயரத்தை வைத்தால் நகைப்பு வலிமை பெறும் என்னும் நுட்பத்தை அவர் அங்குப் பயின்றார். அக்குழுவோடு 1910இலும் 1912இலும் அமெரிக்கா சென்றார்.

தொப்பியும் கைத்தடியும்

இரண்டாம் பயணத்தின்போது கீஸ்டோன் படநிறுவனம் அவரை அழைத்தது. ஊதியம் வாரத்திற்கு 150 டாலர். 1914 பிப்ரவரியில் முதற்படம் வெளிவந்தது. அடுத்த சில நாள்களிலேயே உலகம் மறவாத அந்த உருவம் திரையில் தோன்றியது. தொளதொளத்த காற்சட்டை, இறுகிய மேற்சட்டை, சிறிய தொப்பி, பெரிய காலணி, ஒட்டுமீசை, கைத்தடி. உடையால் ஏழை, நடையால் கனவான். வறுமையில் கிடந்தாலும் தன்மதிப்பை விடாத நாடோடி அவன். ஏழையர் விடுதியில் வளர்ந்த பிள்ளையின் பெருமிதம் அவ்வேடத்தில் குடிகொண்டது எனலாம்.

அதன்பின் புகழ் ஏறிய வேகம் வியப்புக்குரியது. 1915இல் வாரத்திற்கு 1,250 டாலர்; 1916இல் ஆண்டிற்கு 6,70,000 டாலர்; 1917இல் எட்டுப் படங்களுக்குப் பத்து இலட்சம் டாலர் என ஒப்பந்தங்கள் வளர்ந்தன. 1919இல் மேரி பிக்ஃபோர்டு, டக்ளஸ் ஃபேர்பேங்க்ஸ், டி. டபிள்யூ. கிரிஃபித் ஆகியோருடன் சேர்ந்து ‘யுனைடெட் ஆர்ட்டிஸ்ட்ஸ்’ நிறுவனத்தைத் தோற்றுவித்தார். கலைஞர்கள் தம் படைப்புக்குத் தாமே உரிமையாளராக வேண்டும் என்பது அதன் நோக்கம். 1921இல் தாயைக் கலிபோர்னியாவுக்கு வரவழைத்து, 1928இல் அவர் மறையும்வரை நலமாகப் பேணினார்.

புகழ் அவரைச் சோம்பச் செய்யவில்லை. ‘தி கிட்’ (1921), ‘தி கோல்டு ரஷ்’ (1925), ‘தி சர்க்கஸ்’ (1928), ‘சிட்டி லைட்ஸ்’ (1931), ‘மாடர்ன் டைம்ஸ்’ (1936) என ஒவ்வொரு படத்திற்கும் இடையே ஆண்டுகள் கடந்தன. ‘சிட்டி லைட்ஸ்’ படத்தில் பார்வையற்ற பூக்காரி நாடோடியைச் செல்வன் என்று தவறாகக் கருத வேண்டும். சில நிமிடக் காட்சி அது. அதனை மீண்டும் மீண்டும் எடுத்த முறை 342 என்பர். பேசும்படம் வந்து உலகமே பேசத் தொடங்கிய பின்னும் அவர் நாடோடியைப் பேசவிடவில்லை. குரலை இழந்த தாயின் மகன், குரலே வேண்டாத கலையால் உலகை ஆண்டார்.

அவ்வாண்டிலேயே, 1931 செப்டம்பரில், வட்டமேசை மாநாட்டுக்கு வந்திருந்த காந்தியடிகளை இலண்டனில் ஏழைத் தொழிலாளர் வாழும் பகுதி ஒன்றில் சந்தித்தார். எந்திரங்களை அண்ணல் ஏன் எதிர்க்கிறார் என்பதே அவர் கேட்டறிந்த செய்தி. எந்திரத்தின் பற்சக்கரங்களுக்கிடையே மனிதன் சிக்கும் ‘மாடர்ன் டைம்ஸ்’ ஐந்தாண்டுகளுக்குப் பின் வந்தது.

‘தி சர்க்கஸ்’ படத்தை இங்குச் சிறப்பாகக் குறிக்கவேண்டும். அதில் நாடோடி, காவலருக்கு அஞ்சி வட்டரங்கினுள் ஓடும்போது அவை சிரிக்கிறது. சிரிக்கவை என்று கட்டளையிட்டால் ஒருவரும் சிரிப்பதில்லை. இறுதியில் தான் விரும்பிய பெண்ணை அவள் விரும்பியவனோடு சேர்த்துவைத்துவிட்டுத் தான் மட்டும் தனியே நிற்கிறான். ‘லைம்லைட்’ படத்தின் விதை இங்கேயே விழுந்துவிட்டது.

அவை மாறுகிறது

1940இல் ‘தி கிரேட் டிக்டேட்டர்’ வாயிலாக இட்லரை நகையாடினார். அது பெருவெற்றி. ஆனால் அதன்பின் காற்று திசைமாறியது. அவர்தம் இல்வாழ்க்கை குறையற்றது எனக் கூறுவதற்கில்லை. மிக இளம் பெண்களை மணந்ததும், மணங்கள் முறிந்ததும், வழக்குகளில் சிக்கியதும் செய்தித்தாள்களுக்குத் தீனியாயின. 1943இல் நாடகாசிரியர் யூஜின் ஓநீலின் மகள் ஊனாவை மணந்தபோது அவருக்கு வயது 54, அவளுக்கு 18. ஊரார் பழித்த அம்மணமே அவர் இறுதிவரை நிலைத்தது. அமெரிக்காவில் இத்தனை ஆண்டு வாழ்ந்தும் குடியுரிமை பெறவில்லை என்பதும், பொதுவுடைமைச் சார்பினர் என்னும் ஐயமும் குற்றச்சாட்டுகளாயின. 1947இல் வந்த ‘மெஸ்யூ வெர்டூ’ படத்தை அமெரிக்க அவை ஏற்கவில்லை. ஆல்டர்ஷாட் ஓசை மீண்டும் கேட்கத் தொடங்கியது.

‘லைம்லைட்’ கூறும் கதை

அந்நிலையில்தான் சாப்ளின் தம் பிள்ளைப்பருவ இலண்டனுக்கு மனத்தால் திரும்பினார். திரைக்கதை எழுதுமுன் அக்கதையை நெடிய புனைகதையாகவே எழுதிப் பார்த்தார். ‘ஃபுட்லைட்ஸ்’ என்னும் அந்நூல் அவர் மறைந்து பல்லாண்டு கழித்து 2014இல்தான் அச்சேறியது.

கதை 1914ஆம் ஆண்டு இலண்டனில் நிகழ்வது. கால்வெரோ ஒருகாலத்தில் கொடிகட்டிப் பறந்த கோமாளி. இப்போது முதியவன், குடிகாரன், அழைப்பார் இலர். அதே வீட்டில் குடியிருக்கும் டெர்ரி என்னும் ஆட்டக்காரி தன்னுயிரை மாய்த்துக்கொள்ள முயன்று மயங்கிக் கிடக்கிறாள். அவளைக் காப்பாற்றித் தன் அறையில் வைத்துப் பேணுகிறான். அவள் கால்கள் நடக்க மறுக்கின்றன. நோய் காலில் இல்லை, நெஞ்சில் இருக்கிறது. வாழ்க்கை வாழத்தக்கது என்று அவளுக்கு நாள்தோறும் எடுத்துரைப்பவன், இரவில் உறங்கும்போது கனவு காண்கிறான். கனவில் அவன் பழைய மேடையில் ஆடுகிறான், பாடுகிறான். முடித்து நோக்கினால் இருக்கைகள் எல்லாம் வெறுமையாய்க் கிடக்கின்றன. கோமாளியின் அச்சத்தை இதைவிடச் சுருக்கமாக எவரும் காட்டியதில்லை.

ஓர் அரங்கில் வாய்ப்புக் கிடைக்கிறது. பெயரை மாற்றிக்கொண்டு ஆடுகிறான். அவை எழுந்து போகிறது. வீடு திரும்பி விம்முகிறான். அவனைத் தேற்ற எழுந்த டெர்ரி, தான் நடந்துவிட்டதை அப்போதுதான் உணர்கிறாள். அவன் விழுந்த இரவே அவள் எழுந்த இரவு. படத்தின் நடுநரம்பு இதுவே.

பின்னர் அவள் புகழேறுகிறாள்; நன்றியைக் காதலென்று எண்ணி அவனை மணக்க விழைகிறாள். அவளுக்குரியவன் நெவில் என்னும் இளம் இசைஞனே என்பதை அறிந்த கால்வெரோ, சொல்லாமல் விலகித் தெருப்பாடகருடன் சேர்ந்துவிடுகிறான். தேடிக் கண்டு அழைத்துவந்து அவனுக்காகவே சிறப்பு நிகழ்ச்சி நடத்துகின்றனர். அன்று அவை உண்மையாகவே சிரிக்கிறது. ஆட்டத்தின் முடிவில் முரசுக்குள் விழுந்து, மாரடைப்பு நேர்ந்தும், அதனையும் வேடிக்கையாக்கி முரசோடு தூக்கிச் செல்லப்படுகிறான். மேடைக்கு அருகே கிடத்தப்பட்ட அவன் உயிர் பிரிகிறது. ஒளியின் நடுவே டெர்ரி ஆடிக்கொண்டிருக்கிறாள்.

இப்படத்தில் சாப்ளின் தம் குடும்பம் முழுவதையும் சேர்த்தார் எனலாம். இசைஞனாக நடித்தவர் மகன் சிட்னி. தொடக்கத் தெருக்காட்சியில் நிற்பவர் சிறு பிள்ளைகள் ஜெரால்டின், மைக்கேல், ஜோசபின். டெர்ரியாக வந்தவர் கிளேர் புளூம் என்னும் இளம் ஆங்கில நடிகை. இறுதி மேடையில் கால்வெரோவின் துணையாகப் பியானோ வாசித்தவர் பஸ்டர் கீட்டன். பேசாப்பட நாளில் சாப்ளினுக்கு நிகராகப் போற்றப்பட்டு, பின் தொழிலுரிமையை இழந்து, குடியால் தாழ்ந்தவர் கீட்டன். அவ்விருவரும் ஒன்றாக நடித்த ஒரே திரைப்படம் இது. ஒளியிலிருந்து தள்ளப்பட்ட ஒருவரை மற்றொருவர் அழைத்து ஒளியில் நிறுத்தினார்.

கால்வெரோ யார்? மேடையில் தன்னம்பிக்கையை இழந்த அமெரிக்க நகைச்சுவையாளர் ஃபிராங்க் டின்னியே இப்படத்திற்குத் தூண்டுதல் என்று சாப்ளின் எழுதியுள்ளார். அவனுள் மார்செலினும் உண்டு. குடித்தழிந்த தந்தையும் உண்டு. ஆனால் நம் கருத்தில், எல்லாரினும் மேலாக அவனுள் இருப்பவர் தாய் ஹன்னாவே. ஆல்டர்ஷாட்டில் மூத்தவர் இறங்கினார், இளையவன் ஏறினான். ‘லைம்லைட்’ படத்திலும் மூத்தவன் இறங்குகிறான், இளையவள் ஏறுகிறாள். 1894இல் ஏறியவர், 1952இல் இறங்குபவரின் இடத்தில் தாமே நின்று பார்த்தார். அன்று தாய் மேடையின் பக்கத்தில் நின்று மகனைக் கேட்டபோது என்ன உணர்ந்திருப்பாள் என்னும் கேள்விக்கு, 58 ஆண்டுகள் கழித்து மகன் விடை தந்தார். இளிவரல் என்னும் மெய்ப்பாட்டுக்கு மூப்பையும் பிணியையும் நிலைக்களனாக்கினார் தொல்காப்பியர். அவ்விளிவரலைச் சாப்ளின் பெருமிதமாக மாற்றிக் காட்டினார்.

கடலில் வந்த ஆணை

படத்தின் முதற்காட்சியை இலண்டனில் நடத்த விரும்பி, 1952 செப்டம்பரில் குடும்பத்தோடு கப்பலேறினார். கடலில் செல்லும்போதே செய்தி வந்தது. அவர் அமெரிக்காவுக்குத் திரும்புவதற்கு இருந்த இசைவை அந்நாட்டு அரசு நீக்கிவிட்டது. நாற்பது ஆண்டுகள் அவரால் சிரித்த நாடு கதவை அடைத்தது. அக்டோபர் 16ஆம் நாள் இலண்டன் அவரைக் கொண்டாடியது. அமெரிக்காவிலோ எதிர்ப்பியக்கம் எழுந்து, பல அரங்குகள் படத்தைத் திரையிட மறுத்தன. ஊனா தனியே அமெரிக்கா சென்று கணவரின் உடைமைகளை மீட்டுவந்தார். 1953இல் சுவிட்சர்லாந்தில் வெவே நகரருகே குடியேறினர்.

அங்கும் அவர் ஓயவில்லை. 1957இலும் 1967இலும் படங்கள் எடுத்தார். அவை முன்னைய உயரத்தை எட்டவில்லை. தன்வரலாறு எழுதினார், பழைய பேசாப் படங்களுக்கு இசையமைத்தார். 1972 ஏப்ரலில் சிறப்பு ஆஸ்கர் விருது பெற இருபதாண்டு இடைவெளிக்குப்பின் அமெரிக்கா சென்றார். எண்பத்து மூன்றை நெருங்கிய முதியவரை எழுந்து நின்று பல நிமிடங்கள் கைதட்டி வரவேற்றது அவை. ‘லைம்லைட்’ அவ்வாண்டில்தான் இலாஸ் ஏஞ்சல்ஸ் நகரில் முறையாகத் திரையிடப்பட்டது. அதனால் இருபதாண்டுப் பழைய படத்தின் இசைக்கு 1973இல் ஆஸ்கர் விருது கிடைத்தது. உடன் உழைத்த இருவரோடு அவர் பகிர்ந்துகொண்ட அவ்விருதே, போட்டியில் வென்று அவர் பெற்ற ஒரே ஆஸ்கர். 1975இல் பிரிட்டிஷ் அரசு ‘சர்’ பட்டம் அளித்தது. 1977 டிசம்பர் 25ஆம் நாள் சாப்ளின் இயற்கை எய்தினார்.

நிறைவாக

மேடையேற விரும்பும் மாணவர்க்கும், அவர்களை மேடையேற்றும் ஆசிரியர்க்கும் இவ்வரலாறு உரைப்பது யாது? அவையின் கைதட்டல் நம் கையில் இல்லை. 342 முறை முயன்றும் செம்மை காணும் உழைப்பு நம் கையில் உள்ளது. ஒளி ஒருநாள் நம்மைவிட்டு நகரும். அப்போது இருளைப் பழித்துக்கொண்டிருப்பதா, அடுத்து ஏறுபவரின் கால்களுக்கு வலிமை தருவதா என்பதைத் தெரிந்துகொள்ளும் உரிமையும் நம் கையில் உள்ளது. கல்விக்கூடத்திலும் இதுவே நிலை. கரும்பலகையின் முன் நிற்பவர் ஆண்டுதோறும் மூப்பெய்துகிறார். எதிரே அமர்பவர் ஆண்டுதோறும் இளையவராகவே இருக்கின்றனர். அவர்கள் எழுந்து நடக்கும் நாளே ஆசிரியரின் வெற்றிநாள். கால்வெரோ தோற்றுத் திரும்பிய இரவில் டெர்ரி நடந்தாள் என்பதை நாம் மறவாதிருப்போமாக.